சாரைக் கேட்டுச் சொல்லுங்க

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் மேகம். பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். நல்லதாகப் போயிற்று, தையல் மிஷின் மோட்டாரை மாடியில் காய வைத்தேன். வியாழக்கிழமை மழையில் ஹாலுக்குள் வந்த தண்ணீர் வடிந்துவிட்டது. வாடை மட்டும் குடியிருக்கிறது. தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட் துணியில் இரண்டு சாக்கடைத் தண்ணீரில் ஊறிப் போச்சு. புதுசு எடுத்துத் தர வேண்டும். கலர் கிடைக்குமா தெரியவில்லை.

இந்தத் தெருவில் தார் போடப் போட ரோடு ஏறுகிறது, வீடு இறங்குகிறது. நாங்கள் ஈஜிபுரா வந்த புதிதில் இரண்டு படி ஏறி உள்ளே போவோம். இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். போகிறோம் என்ன, போகிறேன். தரையை உயர்த்தணும், உயர்த்தணும் என்று அவரிடம் எத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன். "அடுத்த வருஷம் பாக்கலாம் விஜி." அந்த அடுத்த வருஷத்தில் அவரே இல்லை. போன வருஷம் மார்ச்சில் பொம்மனஹள்ளி கம்பெனியில் பேனல் போர்டு முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

செய்ய வேண்டியது:
தரை ஒன்றரை அடி உயர்த்த.
வாசக்கால் புதுசு (கரையான்). தரையோடு அதையும் தூக்கி வைக்க.
ரோட்டுப் பக்கச் சுவர் ஓதம்.
பாத்ரூம் கதவு. அதுவும் அவர் விட்டுவிட்டுப் போனதுதான்.

காலையில் ஒரு கான்ட்ராக்டர் வந்தார். வாசலில் நின்றபடியே, "சார் இல்லீங்களா?" இல்லை என்றேன். "சார் வந்ததும் ஒரு போன் போடுங்க, வந்து பேசிக்கறேன்." சார் வந்தால் நானும்தான் போன் போடுவேன், ஊருக்கே போடுவேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இரண்டாவது ஆள். இவரிடம் உண்மையைச் சொன்னேன், வீட்டுக்காரர் தவறிட்டார் என்று. முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டார். பிறகு நான் கேட்ட எதற்கும் என்னைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை, சுவரிடம் சொன்னார். "அண்ணன் தம்பி யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்கம்மா. லேடீஸ்கிட்ட சொன்னா பின்னாடி பிரச்சினை ஆயிடுது."

எனக்கு அண்ணனும் இல்லை தம்பியும் இல்லை. மகள் ரம்யாவுக்கு போன் செய்தேன். சென்னையில் இருந்துகொண்டு அவள் என்ன செய்வாள். "வாடகைக்கு வேற வீடு பாரும்மா, நான் தர்றேன்" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வைத்துவிட்டேன். சாயங்காலம் ஃபால் தைக்க இரண்டு புடவை. ஷகீலா வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து தைத்தேன். எதிர்வீட்டு ஷகீலா இல்லாவிட்டால் இந்த மழையில் என் சாமான், மிஷின், மாலை போட்ட அவர் படம் எல்லாம் தெருவில்தான் நின்றிருக்கும்.

ஆகஸ்ட் 16, சனி

வெயில். ஆடி முடிந்தது.

மூன்றாவது ஆள், மஞ்சுநாத். ஹெப்பகோடியில் இருக்கிறாராம். முப்பத்தைந்து வயசு இருக்கும், காதில் பென்சில், போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. கன்னடத்துக்காரர், தமிழ் நன்றாகவே பேசுகிறார். வண்டியை நிறுத்தியதும் கேட்டார், "சார் இல்லியா மேடம்?"

வாயில் அதுவாக வந்தது. "மஸ்கட்ல இருக்காரு. கான்ட்ராக்ட்ல போயிருக்காரு."

யோசித்துச் சொன்னதில்லை. சத்தியமாக இல்லை. மூன்றாவது முறையாக அதே கேள்வி, எனக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

"ஓ, ஃபாரினா." உடனே பாக்கெட்டிலிருந்து டேப் வந்தது. உள்ளே போய் அளந்தார். சுவரைத் தட்டினார். வாசக்காலைப் பென்சிலால் குத்தினார், பொலபொலவென்று கொட்டியது. என் முகத்தைப் பார்த்து விளக்கினார். தரை ஏறினால் ஃபேன் தலையில் இடிக்குமா என்று கேட்டேன், நின்று பதில் சொன்னார். கடல் தாண்டி ஒரு புருஷன் இருக்கிறான் என்றதும் எனக்குக் காதும் வாயும் முளைத்துவிட்டது.

நல்ல வேளை, படம் ஷகீலா வீட்டில். அவளிடம் ஓடிப் போய்ச் சொன்னேன், யாராவது கேட்டால் மஸ்கட் என்று சொல்லு. முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தாள். "அரே அக்கா, ஏன் இப்டி. சரி போ. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஆகஸ்ட் 18, திங்கள்

மஞ்சுவைப் பேசி முடித்தாகிவிட்டது. வியாழக்கிழமை ஆரம்பம்.

போகும்போது, "சார் நம்பர் குடுங்க மேடம். டெய்லி போட்டோ அனுப்பிடறேன். அங்க இருந்தாலும் அவருக்கு மனசு இங்கதானே இருக்கும்." என்ன சொல்வது. சொன்னேன். அவர் நம்பரையே சொன்னேன். வேறு எந்த நம்பர் எனக்கு மனப்பாடம்.

அவர் போன் பீரோவில் இருக்கிறது. பாங்க் ஓடிபிக்கு வேண்டும் என்று மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறேன். ஓடிபி வந்து ஒரு வருஷம் ஆகிறது. ரீசார்ஜை நிறுத்தவில்லை.

மஞ்சு போன பிறகு பீரோவிலிருந்து டிங் என்று ஒரு சத்தம். ஓடினேன். எடுத்துப் பார்த்தால், "வணக்கம் சார், மஞ்சுநாத் கான்ட்ராக்டர். உங்க வீட்டு வேலை நான் செய்றேன்." பாத்திரம் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். பதில் போடாமல் விட்டால் கூப்பிடுவார். எழுதினேன்: "சரி. டியூட்டியில் போன் எடுக்க முடியாது. மெசேஜ் போடுங்க. லெவல் பாத்து செய்ங்க."

லெவல் பாத்து. அவர் அப்படித்தான் சொல்வார். கல்யாணத்தில் என் கழுத்து மாலையைக்கூட லெவல் பார்த்த மனுஷன்.

டப்பாவில் இருந்த மெட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். மஞ்சு காலைப் பார்த்தால்? அதற்காகத்தான். விரல் பெருத்திருக்கிறது, இறங்க மாட்டேன் என்றது. சோப்பு போட்டு இறக்கினேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இடிக்க ஆரம்பித்தார்கள். தூசி. சமையலறையும் பின்ரூமும் மட்டும் எனக்கு. வாசலுக்குப் பிளைவுட் பலகை. பழைய வாசக்காலைப் பெயர்த்தபோது பார்க்க முடியாமல் பின்பக்கம் போய்விட்டேன். அதில் ரம்யா உயரத்துக்கு அவர் போட்ட கோடெல்லாம் இருந்தது. கரையான் அதையும் விட்டு வைக்கவில்லை.

சாருக்கு இன்று போட்டோ பன்னிரண்டோ பதினாலோ. "பழைய கம்பி வேணுமா சார்", "மணல் இது போதுமா சார்". பதில் போட்டுப் போட்டு என் சாதம் குழைந்துவிட்டது. இருந்த காலத்தில் அந்த மனுஷனிடமிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வாங்க என்ன பாடு படுவேன். இப்போது நிமிஷத்துக்கு ஒரு பதில்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தூறல். ஞாயிறு என்றாலும் வேலை.

ஜன்னல் சண்டை. தரை ஏறினால் ரோட்டுப் பக்க ஜன்னல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். மஞ்சு பாதியை மூடிவிடலாம் என்கிறார். எனக்கு அந்த வெளிச்சத்தில்தான் ஊசி கோக்க வரும். மூடாதீர்கள் என்றேன். நாலு முறை சொல்லிவிட்டேன். "சாரைக் கேட்டுட்டு சொல்றேன் மேடம்."

என் வீடு, என் ஜன்னல், என் கண். பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தேன். போனை எடுத்தேன். அவராக இருந்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "மூடிடுங்க, திருட்டு பயம்." அப்படியே அடித்தும்விட்டேன். பிறகு அழித்தேன். "மேடம் சொல்ற மாதிரி செய்ங்க. அவங்களுக்கு தைக்க வெளிச்சம் வேணும்."

வெளியே மஞ்சு படித்துவிட்டு, "சார் உங்க மேல எவ்ளோ பிரியமா இருக்காரு பாருங்க" என்றார். இஞ்சி தட்டுகிற சாக்கில் அழுதேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒருமுறையும் இப்படிச் சொன்னதில்லை. நான் எழுதிக் கொடுத்தால்தான் வருகிறது. எனக்கு இந்த நல்லவர் வேண்டாம். "மூடிடுங்க" என்று சொல்லி, நான் கத்தி, இரண்டு நாள் பேசாமல் இருக்கிற அந்த ஆள் வேண்டும்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. வேலை லீவு. தெருமுனைப் பந்தலில் காலையிலிருந்து ஸ்பீக்கர். கொழுக்கட்டை செய்தேன், ஷகீலாவுக்குக் கொஞ்சம், மீதி அப்படியே இருக்கிறது.

மத்தியானம் ரம்யா போன். குரலே சரியில்லை.

"அம்மா, அப்பா ஆன்லைன்ல இருக்காரு."

இதை நான் நினைக்கவே இல்லை. பாவி, குழந்தை அப்பா நம்பரைத் திறந்து பார்ப்பாள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மஸ்கட், மஞ்சு, ஜன்னல்.

"நிறுத்தும்மா இதை. அசிங்கமா இருக்கு."

"வேல முடியட்டும்டி. வாசலே இல்லாம உக்காந்திருக்கேன்."

"என்னதான் எழுதின? அனுப்பு."

படம் எடுத்து அனுப்பினேன். பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டாள். "அப்பா இப்டி எழுத மாட்டாரும்மா. அப்பா எல்லாத்துக்கும் கடைசில 'பா' போடுவாரு. எனக்கே 'சாப்டியா பா'ன்னுதான் போடுவாரு." ஆமாம், மறந்தே போயிருக்கிறேன். சிரித்தோம். சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே ஆரம்பித்தது தெரியவில்லை. பக்கத்தில் இருந்திருந்தால் அவள் தலையைத் தடவியிருப்பேன்.

சாயங்காலம் சாருக்கு மஞ்சுவிடமிருந்து சதுர்த்தி வாழ்த்து. "உனக்கும் பா" என்று போட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மஞ்சு இன்று மூன்று மணிக்குத்தான் வந்தார். வேறு சைட். நான் கத்தினேன். தலையைக் குனிந்துகொண்டு, "ஆயிடும் மேடம்" என்றார். எப்போதும் போல வாயாடவில்லை.

சாயங்காலம் சாருக்கு நீளமாக ஒரு மெசேஜ். லேட் ஆனதற்குக் காரணம். சைட்டுக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகிறதாம், குழந்தை இல்லை. டெஸ்ட் ரிப்போர்ட் வந்திருக்கிறது. குறை தன்னிடம்தான் என்று வந்திருக்கிறது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. "உங்களை அண்ணன் மாதிரி நினைச்சு சொல்றேன் சார். யார்கிட்டயும் சொல்லல."

படித்திருக்கக் கூடாது. படித்துவிட்டேன். ஒரு ஆம்பளை இன்னொரு ஆம்பளைக்குச் சொன்னது. உடனே போனை வைத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்து, பாவம், பதிலுக்குக் காத்திருப்பாரே என்று எழுதினேன்: "கவலைப்படாதே பா. டாக்டர் சொல்றத கேளு. வீட்ல சொல்லிடு, மனசு லேசாகும்." கும்பிடு பொம்மை ஒன்று வந்தது.

இது பெரிய தப்பு. எனக்குத் தெரிகிறது. ஆனால் இப்போது எப்படி நிறுத்துவது.

ஆகஸ்ட் 30, சனி

வெயில், புழுக்கம். தரை நிரப்பியாகிவிட்டது. நாளைக்கு கான்கிரீட்.

சாருக்கு வாய்ஸ் மெசேஜ். பின்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. மேடம் மத்தியானத்துல சாப்பிடறதே இல்ல சார். ஒரு டீ, அத்தோட சரி. நாங்க கூப்பிட்டா ஆச்சு ஆச்சுங்கறாங்க. சில டைம் கைல துணிய வச்சிக்கிட்டு சும்மாவே உக்காந்திருக்காங்க, மிஷின் ஓடாது. பாத்தா ஒரு மாதிரி இருக்கு சார். நீங்க ஒருவாட்டி லீவு போட்டு வந்துட்டுப் போங்க."

திரும்பக் கேட்டேன். திரும்பவும் கேட்டேன். நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேனா? எனக்குத் தெரியாது. ஒன்றரை வருஷமாக நான் எப்படி இருக்கிறேன் என்று யாரும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்ல வேண்டிய ஆளிடம் சரியாகப் போய்ச் சொல்லியிருக்கிறார் இந்த மஞ்சு. கேட்க வேண்டிய ஆள் இல்லை, அவ்வளவுதான்.

"அவளை சாப்பிட சொல்லு பா" என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் மஞ்சு வந்து பலகையைத் தட்டினார். "மேடம், சார் சாப்பிடச் சொன்னாரு." எழுந்து போய்த் தட்டில் சாதம் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். ரசம், அப்பளம். நிறைய சாப்பிட்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்

புது வாசக்கால் வந்துவிட்டது. தேக்கு இல்லை, வேங்கை. வாசனை நன்றாக இருக்கிறது.

மஞ்சு: "வியாழக்கிழமை காலையில நல்ல நேரம் மேடம். அத விட்டா பித்ரு பட்சம் வந்துடும், அப்புறம் பதினஞ்சு நாள் பாகிலு, அதான் வாசக்கால், வைக்கக் கூடாது." சரி என்றேன். "சாரும் மேடமும் ஜோடியா நிக்கணும். நீங்க மஞ்சள் குங்குமம் வைக்கணும், சார் காசு போடணும்." அவர் வர முடியாதே என்றேன். "நான் பேசறேன் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அரை மணி நேரத்தில் பீரோவில் டிங். நான் வர முடியாதுபா, நீங்களே வைத்துவிடுங்கள் என்று எழுதினேன். பதில் வாய்ஸில் வந்தது. "சார், நான் இதுவரைக்கும் எந்த வீட்லயும் பொம்பளைய ஒத்தையா நிக்க வச்சதில்ல. ஆகாது சார். அதுவும் மேடம் இருக்கற இருப்புல. கால் மணி நேரம் நின்னா போதும். டிக்கெட் போடுங்க. ஏர்போர்ட்டுக்கு நானே வந்து கூட்டிட்டு வரேன்."

கையில் போனை வைத்துக்கொண்டு நின்றேன். லீவு கிடைக்காது என்று எழுதலாம். பாஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறது என்று எழுதலாம். காரணத்துக்கா பஞ்சம். ஆனால் "மேடம் இருக்கற இருப்புல" என்றது காதிலேயே நின்றுவிட்டது. கேட்டால் அவர் வந்திருப்பார். சண்டைக்காரர்தான், ஆனால் வந்திருப்பார்.

எழுதினேன்: "வரேன் பா."

அனுப்பியும்விட்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஏன் அப்படி எழுதினேன்.

மஞ்சு குதிக்காத குறை. வேலைக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். "சார் பர்த்தாரே", சார் வருகிறாராம். இன்றைக்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று காலையில் இரண்டு முறை வாயைத் திறந்தேன். சொல்லவில்லை.

பதிலாக என்ன செய்தேன்? எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவர் வெள்ளைச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்து அயர்ன் கடையில் கொடுத்தேன். "என்னம்மா, வீட்ல விசேஷமா?" ஆமாம் என்றேன். மார்க்கெட்டில் அவருக்குப் பிடித்த சின்ன கத்தரிக்காய் கால் கிலோ. காபிப் பொடி. எனக்குக் கிறுக்குப் பிடிக்கவில்லை. அவர் வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். சுடுகாட்டிலிருந்து ரம்யாவுக்குத் தண்ணீர் கொடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்தவள் நான். தெரிந்துதான் கத்தரிக்காய் பொறுக்கினேன். ஒவ்வொன்றாகச் சொத்தை பார்த்துப் பொறுக்கினேன். நாளன்றைக்கு ஒருத்தர் வருகிறார் என்று கடைக்குப் போவது எவ்வளவு சந்தோஷம், அதை மறந்தே போயிருந்தேன்.

செப்டம்பர் 3, புதன்

மழை இல்லை.

மஞ்சு ஃபிளைட் நேரம் கேட்டார். விடியற்காலை, அவரே டாக்சியில் வந்துவிடுவார் என்று சாராக எழுதினேன். மஞ்சுவின் மனைவி சுமாவும் நாளைக்கு வருகிறாளாம், சாருக்கு ஒப்பட்டு, நம்ம போளிதான், செய்து எடுத்துக்கொண்டு.

ரம்யாவிடம் சொன்னேன். திட்டவில்லை. "நான் நைட் பஸ்ல வரேன்" என்றாள்.

ஷகீலா சொன்னாள், "இன்னிக்கே சொல்லிடு அக்கா. நாளைக்கு எல்லார் முன்னாடியும் உன் மானம் போகும்." இதோ சொல்கிறேன் என்றேன். மஞ்சு ஆறு மணிக்கு வண்டி எடுக்கும் வரைக்கும் பின்னாலேயே நடந்தேன். கடைசியில் டீ வேணுமா என்று கேட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

நல்ல வெயில். எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் எழுதவே மாட்டேன்.

ஏழு மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள். மஞ்சு புதுச் சட்டை. வாசக்காலைச் சுவரில் சாய்த்து, மாவிலை கட்டி, நவதானியப் பொட்டலம், பூ, தேங்காய். இரண்டு மாலை வாங்கி வந்திருந்தார். ஒன்று எனக்கு, ஒன்று சாருக்கு. சுமா சின்னப் பெண், என்னைப் பார்த்துக் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"மஞ்சு, கொஞ்சம் உள்ள வாங்க."

சமையலறையில் வைத்துச் சொன்னேன். ரம்யா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவருக்கு முதலில் விளங்கவில்லை. வழியில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார். "எந்த ஆஸ்பத்திரி மேடம்? போலாம் வாங்க" என்று வண்டிச் சாவியை எடுத்தார்.

"இப்ப இல்லப்பா. போன வருஷம் மார்ச்சுல."

போனை எடுத்துப் பார்த்தார். மேலே மேலே தள்ளிக்கொண்டே போனார்.

"அப்போ எங்கிட்ட பேசினது யாரு?"

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவரே புரிந்துகொண்டார்.

"நான் அவர்கிட்ட என் விஷயம் சொன்னேனே மேடம்." வெளியே சுமா நிற்கிறாளா என்று திரும்பிப் பார்த்தார். "எல்லாத்தையும் சொன்னேனே."

மன்னிச்சிடுப்பா என்றேன். கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெளியிலிருந்து மேஸ்திரி நேரம் ஆகிறது என்று குரல் கொடுத்தார். மஞ்சு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். நானும் போனேன். மஞ்சள் கிண்ணம் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது, எடுக்கப் போனேன் என்றே நினைக்கிறேன்.

"மேடம், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மெதுவாகத்தான் சொன்னார். கண்ணைப் பார்க்காமல் சொன்னார். அவர் போன பிறகு எத்தனை விசேஷத்துக்கு நானாகவே பின்னால் போய் நின்றிருக்கிறேன். ஒருத்தர் வாயால் கேட்டது இதுதான் முதல் முறை, அதுவும் என் வீட்டு வாசலில்.

ரம்யா பொங்கிவிட்டாள். "எங்க அம்மா வீடு. அவங்கதான் வைப்பாங்க." நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அந்தப் பெண் சுமா பிள்ளைக்காக ஏங்குகிறவள். மஞ்சுவின் பயம் எனக்குத் தெரியும், நான் படித்திருக்கிறேனே. நான் படித்தது தெரிந்துதான் அவரும் அப்படிச் சொன்னார்.

"சுமா, நீனே இடு" என்றார். அவள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். வைம்மா என்றேன். நானும் ரம்யாவும் ரோட்டைத் தாண்டி ஷகீலாவோடு நின்றோம். சுமா மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள், மஞ்சு காசு போட்டார். நாலு பேர் தூக்கி நிறுத்தினார்கள். லெவல் சரியாக இருந்தது.

மாலை இரண்டும் கூடையிலேயே கிடந்தது. சாயங்காலம் மெட்டியைக் கழற்றினேன். சுலபமாக வந்துவிட்டது.

செப்டம்பர் 6, சனி

மஞ்சு வர மாட்டார் என்று நினைத்தேன், வந்தார். ஓதச் சுவர் பூச்சு. எல்லாவற்றையும் என்னிடமே கேட்கிறார். டைல்ஸ் என்ன கலர் மேடம், சுவிட்ச் எங்க மேடம். நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் செய்கிறார். இதைத்தானே கேட்டேன். மத்தியானம் நான் சாப்பிட்டேனா என்று யாரும் பார்க்கவில்லை.

போகும்போது வண்டியில் உட்கார்ந்தபடி, "அந்த மெசேஜ் எல்லாம் அழிச்சிடுங்க மேடம்" என்றார். கண்டிப்பா என்றேன். "சுமாகிட்ட சொல்லிட்டேன்" என்றார். வண்டி போய்விட்டது.

செப்டம்பர் 7, ஞாயிறு

ரம்யா ஊருக்குப் போய்விட்டாள். வீடெல்லாம் சிமெண்ட் ஈரம்.

அவர் போனை எடுத்து உட்கார்ந்தேன். மஞ்சுவின் அந்த ஒரு மெசேஜை மட்டும் அழித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். அது நியாயம் இல்லை. எல்லாம் என்று சொன்னார், எல்லாம் என்று நானும் ஒப்புக்கொண்டேன். அழிப்பதற்கு முன் ஒரு முறை மேலிருந்து கீழே படித்தேன். லெவல் பாத்து செய்ங்க. மேடம் சொல்ற மாதிரி செய்ங்க. அவளை சாப்பிட சொல்லு பா. வரேன் பா.

எல்லாம் நான் எழுதியதுதான். ஒவ்வொரு எழுத்தும் என் விரல். அப்படியும் அழிக்கிற இடத்தில் விரலை வைக்க முடியவில்லை. போன வருஷமாவது அவர் போனது தானாக நடந்தது. இன்றைக்கு நானே செய்ய வேண்டியிருந்தது. வைத்தேன். மஞ்சு என்ற பேரே அந்தப் போனில் இல்லை இப்போது. மூச்சு விட முடியாமல் அழுதேன், ஷகீலா வந்து முதுகைத் தடவினாள்.

செப்டம்பர் 13, சனி

டைல்ஸ் முடிந்தது. வெள்ளையில் சாம்பல் கோடு. பாத்ரூம் கதவும் போட்டாயிற்று. ஒரு துணிக்கு ஓரம் அடித்தேன், ஜன்னல் வெளிச்சம் போதுமானதாக இருக்கிறது.

ஷகீலா வீட்டிலிருந்து சாமான் திரும்பியது. மஞ்சுவின் ஆட்கள் கை கொடுத்தார்கள். படத்தை நானே தூக்கி வந்தேன். மஞ்சு ட்ரில்லோடு வந்து, "எங்க மாட்டணும் மேடம்" என்றார். காட்டினேன். ஓட்டை போட்டு, ஸ்க்ரூ இறக்கி, படத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"வாட்ஸ்அப் போட்டோல கொஞ்சம் இளைச்சிருந்தாரு."

"அது ஊட்டியில எடுத்தது. அப்பதான் சுகர் வந்த புதுசு."

மாட்டினார். நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

செப்டம்பர் 20, சனி

வெயிலும் தூறலும் மாறி மாறி. மஞ்சு நேற்றோடு கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார். கோரமங்களாவில் புது சைட். கதவுக்குப் பாலிஷ் காய்ந்துவிட்டது. இப்போது இரண்டு படி ஏறித்தான் உள்ளே வர வேண்டும். தபால்காரர் தடுக்கிக்கொண்டார்.

சாயங்காலம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று என் போனில் வாசலைப் படம் எடுத்தேன். ரம்யாவுக்கு அனுப்பினேன். "சூப்பர்மா" என்று வந்தது. ஹாலில் வந்து உட்கார்ந்தேன். இன்னும் ஒருத்தருக்கு அனுப்ப வேண்டும் போல இருந்தது.

அனுப்பினேன். "ஏங்க, வேலை முடிஞ்சுடுச்சு. பாருங்க."

பின்ரூம் பீரோவில் டிங் என்றது. என் போனில் இரண்டு டிக் விழுந்தது. நீலம் ஆகவில்லை. ஆக வேண்டும் என்றால் நான்தான் எழுந்து போய்த் திறக்க வேண்டும். ஷகீலா வாசலில் நின்று என்ன அக்கா இருட்டில் உட்கார்ந்திருக்கே என்கிறாள். லைட்டைப் போடு என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்தே இருக்கிறேன்.